வாங்குகிற விலை

கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், மூலையில் கம்ப்ரசர். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் தொழில். என்னோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். கரண்ட் கனெக்‌ஷன் 18 கிலோவாட். எங்கள் பேச்சில் 24 எச்பி.

ராடு வாங்கப் போனால் நாலு கடையில் விலை கேட்பேன். நேற்று கிலோ என்ன விலை, இன்று என்ன விலை, யாரிடம் ஒரு மாதம் கடன் கிடைக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். கரண்டுக்கு மட்டும் இருபத்தைந்து வருஷமாகப் பில்லில் வந்த தொகையை அப்படியே கட்டி வந்திருக்கிறேன். அந்த விலையை யார் போடுகிறார்கள், எதை வைத்துப் போடுகிறார்கள் என்று நான் கேட்டதே 2022-ல்தான்.

அந்த வருஷம் செப்டம்பர் 10-ம் தேதி புதுக் கட்டணம் அமலுக்கு வந்தது. எங்கள் 3பி டேரிஃப்பில் யூனிட் 6 ரூபாய் 35 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசானது. நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்தது 75 ஆனது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 630 ரூபாய் கட்டியவன் 1,350 கட்ட வேண்டும். 50 கிலோவாட்டைத் தாண்டியவர்களுக்கு 150 ரூபாய். 112 கிலோவாட் வைத்திருந்த நண்பருக்கு 3,920 ரூபாயாக இருந்த நிலைக்கட்டணம் நாலு மடங்குக்கு மேல் போனது.

அதற்கு ஒரு மாதம் முன்னால், ஆகஸ்ட்டில், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. பட்டறையை அரை நாள் மூடிவிட்டுப் போனேன். சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர்கள், மில் முதலாளிகள், விவசாயிகள், குறுந்தொழில் சங்கத்தார், பில்லைக் கையில் பிடித்தபடி வந்த குடும்பத் தலைவிகள் என்று அரங்கம் நிறைந்திருந்தது. பேர் கொடுத்தவர்களை ஒவ்வொருவராக அழைத்தார்கள். என் முறை வந்தபோது நிலைக்கட்டணத்தைப் பற்றிச் சில நிமிடம் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். மின்துறையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "விக்கற வெலையப் பத்தி எல்லாரும் நல்லாப் பேசறீங்க. வாரியம் கரண்ட வாங்கற வெலையப் பத்தி யாருங்க தம்பி பேசறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை டீக்கடையில் அவரே பாடம் ஆரம்பித்தார். அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டுத் திண்ணையில் ஆணையத்தின் ஆணைகளை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்திருக்கிறோம். அவரிடம் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், விலை போடுவது யார் என்பது. பலரும் நினைப்பதுபோல மந்திரி அல்ல. 1998-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, மாநிலங்கள் ஒழுங்குமுறை ஆணையம் அமைக்க வழி செய்தது. தமிழ்நாட்டு ஆணையம் 1999-ல் அமைந்தது. அதன் முதல் கட்டண ஆணை 2003 மார்ச்சில் வந்தது. அதே வருஷம் ஜூனில் நடைமுறைக்கு வந்த மின்சாரச் சட்டம்தான் இன்றைக்கும் இந்தத் துறையின் அடித்தளம். அந்தச் சட்டப்படி வாரியம் மனு போட வேண்டும். மனுவை வெளியிட வேண்டும். பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பார்த்து 120 நாளில் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும். வாரியம் என்று பழக்கத்தில் எழுதுகிறேன். 2010-லேயே அதைப் பிரித்து டான்ஜெட்கோ, டான்டிரான்ஸ்கோ ஆக்கிவிட்டார்கள். 2024-ல் டான்ஜெட்கோவையும் உற்பத்திக்கு, விநியோகத்துக்கு, பசுமை மின்சாரத்துக்கு என மூன்று நிறுவனங்களாகப் பிரித்தார்கள். எங்கள் வீதியில் இன்னும் எல்லாமே இபிதான்.

அரசுக்கு இதில் பங்கு இல்லையா என்றால், உண்டு. ஒரு பிரிவினருக்குக் கட்டணத்தைக் குறைக்க அரசு விரும்பினால், குறைக்கும் தொகையை முன்கூட்டியே வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 65-வது பிரிவு. 2016-லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லாமல் வருகிறதே, அந்த 100 யூனிட்டுக்கும் விலை உண்டு. ஆணையம் விலை போடுகிறது, அரசு கஜானாவிலிருந்து கட்டுகிறது. விவசாய மின்சாரமும் அப்படித்தான்.

வீட்டு பில்லில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் என் அம்மாவே இதில் ஏமாந்திருக்கிறார். 2022 ஆணைப்படி இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 510 யூனிட் ஓடினால் 2,030 ரூபாய். கூடுதலாக ஓடிய 10 யூனிட்டுக்கு 305 ரூபாய். காரணம், 500-ஐத் தாண்டியதுமே 101 முதல் 200 யூனிட் வரை இருந்த பாதி விலைச் சலுகை போய்விடுகிறது. ரீடிங் எடுக்க ஆள் வருவதற்குப் பத்து நாள் முன்பே மீட்டரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பெரியவர் கேட்ட கேள்வி.

சட்டத்தின் 86-வது பிரிவு, ஒன்றாவது உட்பிரிவு, 'பி' பகுதி. விநியோக நிறுவனம் மின்சாரம் வாங்குவதையும், வாங்கும் முறையையும், என்ன விலைக்கு யாரிடம் வாங்குகிறது என்பதையும் மாநில ஆணையம் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. எங்கள் பில்லில் உள்ள ஒவ்வொரு ரூபாயிலும் பெரும்பங்கு மின்சாரம் வாங்கிய செலவுதான். கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், சம்பளம், வட்டி எல்லாம் அதற்குப் பிறகு.

வாரியம் தன் சொந்த நிலையங்களில் உற்பத்தி செய்வது தேவைக்குப் போதாது. மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை அனல் நிலையங்கள், நீலகிரிக் குந்தா போன்ற நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. இவற்றோடு நெய்வேலி, கல்பாக்கம், கூடங்குளம் போன்ற மத்திய நிலையங்களிலிருந்து பங்கு வருகிறது. அவற்றின் விலை மாநில ஆணையத்தின் கையில் இல்லை. மீதி தனியாரிடமிருந்து. நீண்டகால ஒப்பந்தத்தில் கொஞ்சம், அன்றன்று சந்தையில் கொஞ்சம். 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அத்தனை மெகாவாட்டையும் அந்த நிமிஷத்தில் எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும். மின்சாரத்தை ராடு மாதிரி குடோனில் அடுக்கி வைக்க முடியாது.

அனல் நிலையத்தோடு போடும் ஒப்பந்தத்தில் இரண்டு விலை உண்டு. நிலையான செலவு ஒன்று, எரிபொருள் செலவு ஒன்று. ஒருமுறை அவசர ஆர்டருக்காக நான் ஒரு கிரைண்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்தேன். ஆர்டர் பாதியில் நின்றது. மெஷின் சும்மா கிடந்த மாதங்களுக்கும் வாடகை கட்டினேன். நிலையான செலவு அதே வாடகைதான். நிலையம் 85 சதவீத அளவுக்கு ஓடத் தயாராக இருந்தால் போதும், நாம் கரண்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முழு நிலையான செலவும் கொடுக்க வேண்டும். எடுத்த யூனிட்டுக்கு நிலக்கரிச் செலவு தனி. ஆகவே எத்தனை மெகாவாட்டுக்கு ஒப்பந்தம் போடலாம் என்பதிலேயே பாதி விலை முடிவாகிவிடுகிறது. தேவையைக் கூட்டிக் கணக்கிட்டால் சும்மா கிடக்கும் மெஷினுக்கு வாடகை. குறைத்துக் கணக்கிட்டால் இருட்டு.

இருட்டை நாங்கள் பார்த்தோம். 2012-ல் கோவையில் ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் கட். லேத்தில் ஷாஃப்ட்டைப் பிடித்து ஒரு கட்டிங் போட்டு முடிக்கும்முன் நின்றுவிடும். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வரும் என்று பசங்க பட்டறையிலேயே பாய் விரித்துப் படுத்திருந்த காலம். டீசல் ஜெனரேட்டரில் ஓட்டினால் பீஸுக்குக் கிடைக்கும் கூலி டீசலுக்கே சரியாகப் போகும். என் பக்கத்துப் பட்டறைக்காரர் அந்த வருஷம்தான் மெஷின்களை விற்றுவிட்டு ஊருக்குப் போனார். அதனால் வாரியம் வாங்கவே கூடாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

அந்த நெருக்கடியில்தான் பெரிய ஏலம் நடந்தது. 2013-ல் 11 தனியார் நிறுவனங்களிடம் 3,330 மெகாவாட்டை 15 வருஷத்துக்கு வாங்க முடிவானது. சராசரிப்படுத்திய விலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 91 காசு. குறைவாகக் கேட்டவரின் விலைக்கு மற்றவர்களையும் இறங்கி வரச் செய்து போட்ட ஒப்பந்தம் அது. சட்டத்தின் 63-வது பிரிவு இதற்கான வழி: ஏலம் முறையாக நடந்திருந்தால் அதில் வந்த விலையை ஆணையம் ஏற்றுக்கொள்ள வேண்டும். விலையைத் தானாகக் கணக்கிட வேண்டியதில்லை.

இன்னொரு வழி 62-வது பிரிவு. இதில் ஆணையமே உட்கார்ந்து, ஒரு மெகாவாட் நிறுவ என்ன செலவு, கடனுக்கு என்ன வட்டி, முதலீட்டாளருக்கு என்ன லாபம், வருஷத்தில் எத்தனை யூனிட் கிடைக்கும் என்று கணக்கிட்டு விலை போடும். இந்த இரண்டு வழிகளும் என்ன வித்தியாசத்தைக் கொண்டுவரும் என்பதற்குச் சூரிய மின்சாரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2014 செப்டம்பரில் ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று விலை நிர்ணயித்தது. அப்போது சோலார் தகடு விலை அதிகம். பெரிய நிலையம் அமைக்க ஆட்கள் முன்வரவும் தயங்கினார்கள். 2016 மார்ச் 31-க்குள் நிலையத்தை ஓட்டிக் காட்டுபவர்களுக்கு அந்த விலை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையத்துக்கு 2015 ஜூலையில் ஒப்பந்தம் ஆனது இந்த விலைக்குத்தான். கெடு முடிந்ததும் ஆணையம் விலையை 5 ரூபாய் 10 காசாகக் குறைத்தது. 2017-ல் 1,500 மெகாவாட்டுக்கு வாரியம் ஏலம் விட்டபோது விலை 3 ரூபாய் 47 காசுக்கு வந்தது. மூன்றே வருஷத்தில் பாதி.

7 ரூபாய் 1 காசு ஒப்பந்தத்தின் காலம் 25 வருஷம். தகடு விலை இறங்கியதால் அந்த விலை இறங்காது. 2016-ல் மெஷின் ஓட்டத் தொடங்கிய பையன் நாற்பதைத் தாண்டிய பிறகும் நம் பில்லில் அது இருந்துகொண்டிருக்கும். 2014-ல் அந்த விலையைப் போட்டது தவறு என்று அப்போதைய தகடு விலையைப் பார்த்த பிறகு நான் சொல்லமாட்டேன். ஆனால் விலை வேகமாக இறங்கிக்கொண்டிருந்த ஒரு பொருளுக்கு ஒரே விலையை ஒன்றரை வருஷம் திறந்து வைத்திருக்கலாமா என்று அப்போது கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அப்படி ஒரு ஆணை வந்ததே 2022 வரை எனக்குத் தெரியாது.

வாங்காமல் விட்டாலும் செலவு வரும் என்பதையும் பெரியவர்தான் காட்டினார். உடுமலை ரோட்டில் ஆடி மாதம் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றும். சில நாள் நல்ல காற்றடிக்கும்போதே சில நின்றுகொண்டிருக்கும். ரிப்பேர் என்றுதான் நினைத்திருந்தேன். காற்றும் வெயிலும் சேர்ந்து வந்து, தேவை குறைவாக இருக்கிற நேரத்தில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி மின்சுமை பகிர்வு மையத்திலிருந்து உத்தரவு போவதும் உண்டு. சூரிய மின் நிலையங்களை அப்படிக் குறைக்கச் சொன்ன வழக்கு டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. மின்கட்டமைப்பின் பாதுகாப்பைத் தவிர வேறு காரணத்துக்காகக் குறைத்திருந்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்று 2021 ஆகஸ்ட்டில் தீர்ப்பு வந்தது.

சந்தையில் வாங்குவது இன்னொரு வகை. 2008-ல் தொடங்கிய மின்சாரச் சந்தையில் நாளைய நாளை 15 நிமிஷத் துண்டுகளாக, 96 துண்டுகளாகப் பிரித்து ஏலம் நடக்கும். மத்தியானம் வெயில் நேரத்துத் துண்டு மலிவு. சாயங்காலம் ஏழு மணித் துண்டு விலை உச்சிக்குப் போகும். 2022 ஏப்ரலில் யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வரம்பு போட வேண்டியிருந்தது. மறு வருஷம் அதை 10 ரூபாயாக்கியது. நாங்கள் பட்டறையில் யூனிட்டுக்குக் காசு கொடுக்கும்போது, அந்த யூனிட்டை வாரியம் எந்தத் துண்டில் வாங்கியது என்பது முக்கியம். காலை ஆறரை முதல் பத்தரை, மாலை ஆறு முதல் பத்து என உச்சநேரம் வைத்து எங்களிடம் கூடுதலாக வாங்குவதன் காரணம் இதுதான். 25 சதவீதமாக இருந்த அந்தக் கூடுதல், குறுந்தொழில்காரர்களின் போராட்டத்துக்குப் பின் 2023-ல் 15 ஆகக் குறைந்தது.

இத்தனை விலைக்கும் வாங்கி, விற்கும் விலையை வருஷக்கணக்கில் ஏற்றாமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? 2003-க்குப் பிறகு 2010 வரை ஏறவில்லை. 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை ஏறவில்லை. 2014 ஆணைகூட வாரியம் மனு போடாததால் ஆணையமே தானாக எடுத்தது. அந்த எட்டு வருஷம் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் இடைவெளி காணாமல் போகவில்லை, கடனாகச் சேர்ந்தது. 2017-ல், மின் விநியோக நிறுவனங்களின் கடனைத் தீர்க்க வந்த உதய் திட்டத்தில் சேர்ந்தபோது வாரியத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அப்படியும் 2022-ல் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டி நின்றது. வட்டியும் பில்லில்தான் வரும். பிற்பாடு வசூலிக்கலாம் என்று ஆணையங்கள் தள்ளிவைத்த தொகைகளை 2024 ஏப்ரல் தொடங்கி ஏழு வருஷத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது. 2022 ஆணையிலேயே ஒவ்வொரு ஜூலையும் விலைவாசிக் குறியீட்டுப்படி கட்டணம் ஏற வழி வைத்திருக்கிறார்கள். 2023-ல் 2.18 சதவீதம், 2024-ல் 4.83, 2025-ல் 3.16. வருஷாவருஷம் கொஞ்சம் ஏறுவது எட்டு வருஷம் கழித்து மொத்தமாக விழுவதைவிட எங்களுக்கு நல்லது. ரேட் பேசும்போது கம்பெனிக்காரரிடம் முன்கூட்டியே சொல்ல முடியும்.

போன வருஷம் சென்னைக்கு ஒரு மெஷின் பார்க்கப் போனவன், பெரியவர் சொன்னாரே என்று கிண்டியில் உள்ள ஆணைய அலுவலகத்துக்கும் போனேன். கொள்முதல் பற்றிய ஒரு மனு விசாரணைக்கு இருந்தது. உள்ளே உட்கார யாரும் தடை சொல்லவில்லை. இரண்டு பக்கத்து வக்கீல்கள், அதிகாரிகள், கம்பெனிக்காரர்கள். பொதுமக்கள் என்று பார்த்தால் நான் ஒருவன். கோவையில் கட்டணக் கூட்டத்துக்கு நாற்காலி கிடைக்காமல் நின்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அங்கே நாங்கள் பத்து காசுக்கு வாதாடினோம். அந்தப் பத்து காசு முடிவாகும் இடம் இங்கே காலியாக இருந்தது.

இதற்கு மக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கட்டண மனுவைப் பகிரங்கமாக வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று 64-வது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. கொள்முதலைப் பற்றிப் பேசும் 86-வது பிரிவில் அப்படி ஒரு நடைமுறை எழுதப்படவில்லை. ஆனால் அதே பிரிவில், ஆணையம் தன் அதிகாரத்தை வெளிப்படையாகச் செலுத்த வேண்டும் என்று இருக்கிறது. 94-வது பிரிவில், நுகர்வோரின் நலனை எடுத்துச் சொல்ல ஆணையம் தகுதியான ஒருவரை நியமிக்கலாம் என்றும் இருக்கிறது. இந்த இரண்டும் போதும். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட எந்தக் கொள்முதல் ஒப்பந்தமாக இருந்தாலும் ஆணையம் அதற்கென நுகர்வோர் தரப்பில் ஒருவரை நியமிக்க வேண்டும். மனுவின் சாரத்தைத் தமிழில் இரண்டு பக்கம் வெளியிட வேண்டும். கட்டணத்துக்குக் கோவைக்கும் மதுரைக்கும் வருவதைப்போல, 25 வருஷ ஒப்பந்தத்துக்கும் வந்து கேட்க வேண்டும். புதுச் சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். இப்போதைய கட்டண ஆணையின் காலம் 2027 மார்ச் 31-ல் முடிகிறது. அடுத்த மனு வரும்போது கடைசிப் பக்கத்துக் கட்டண அட்டவணையை மட்டும் பார்க்காதீர்கள். மின் கொள்முதல் என்ற அத்தியாயத்தைத் திறந்து, எந்த நிலையத்திடம் எத்தனை யூனிட், என்ன நிலையான செலவு, கரண்ட் எடுக்காமலே எவ்வளவு கொடுத்தோம் என்று பாருங்கள். புரியாத இடத்தைப் புரியவில்லை என்றே ஒரு தாளில் எழுதி, உங்கள் மின் இணைப்பு எண்ணோடு ஆணையத்துக்கு அனுப்புங்கள். நான் என் கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டேன்.